மேல, கீழ, ஆறு அங்குலம்

ஜன. 19, திங்கள்

பனி. ஒன்பது மணி வரை மலையைக் காணோம். ஷெட்டுத் தகரம் சொட்டிக்கொண்டே இருந்தது. மண் அள்ளும் மிஷினுக்கு கிரீஸ் அடிக்கச் சொல்லிவிட்டு அண்ணன் போடிக்குப் போய்விட்டான். அடித்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. அம்மாவின் கையில் ஏலக்காய் மணம், என் கையில் இது.

அப்பா மதியம் எஸ்டேட்டிலிருந்து வந்தார். மேலே இரண்டு குட்டை வெட்டும் வேலை நமக்குத்தான். கோடை மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. எஸ்டேட்டுக்குள் புதிதாகச் சிமெண்டு ரோடு போட்டிருக்கிறார்கள், மிஷினின் இரும்புச் செயின் அதில் படக்கூடாது. இதுவரை வாடகை லோபெட், மிஷினை ஏற்றிச் செல்லும் தாழ்வான ட்ரெய்லர், எஸ்டேட் கேட்டில் மிஷினை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து அண்ணன் ஓட்டிக்கொண்டே போவான். இனிமேல் குட்டை வெட்டும் இடம் வரை லோபெட் மேலேயே ஏற்றிப் போக வேண்டும். முடியாது என்றால் வேலை கம்பம் ஊர் மிஷின்காரருக்கு.

வாடகைக்காரர் எவரும் அந்த ரோட்டுக்கு வர மாட்டார்கள். அதனால் சொந்தமாக ஒரு லோபெட் ட்ரெய்லர் வாங்குவது என்று முடிவு. இழுக்கிற லாரி நம்மிடம் இருக்கிறது.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஆத்தா, எந்த லோபெட்டு நமக்குத் தோதுன்னு பாத்துச் சொல்லு."

நான் தலையை நிமிர்த்தினேன். அப்பா மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருடமாக இந்த வீட்டில் ஆத்தா என்றால் நான். அம்மாவுக்கு மாரி, அண்ணனுக்கு ஏ புள்ள, அப்பாவுக்கு மட்டும் ஆத்தா.

ரசம் நன்றாக இருந்தது. மதினி வைத்தது. போட்டுக்கொள்ளவில்லை.

ஜன. 20, செவ்வாய்

மதினியைப் பற்றி எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மனம் ஆறும். பெயர் கோகிலா. கரூர்ப் பக்கம். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஐந்து மாதம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். எல்லோரோடும் பேசுவாள். பால்காரர், லைன்மேன், பாங்கு, யாராக இருந்தாலும். நான் கடையில் ஷாம்பு கேட்பதற்கு முன்னால் நாலு பேர் வாங்கிப் போய்விடுவார்கள். ஒன்பதாவது படிக்கையில் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன், மூன்று மாதம் என்று பள்ளியை நிறுத்தினேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. யாரும் போகச் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஷெட்டு போதும் என்று இருந்தேன்.

நேரில் மதினியை வாங்க போங்க என்றுதான் சொல்கிறேன். இந்த நோட்டில் மட்டும் 'ள்'.

இன்று போனில் வரிசையாக லோபெட் படங்கள் காட்டினாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் வெங்காயம் உரித்தபடி கேட்டது:

1. மதுரையில் பழசு. தட்டு ஒரே உயரம், ஏறாது, இறங்காது. விலை குறைவு. நீளம் அதிகம், கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. வேண்டாம்.

2. நாமக்கல் பட்டறை, புதுசு. நீளம் குறைவு. பின்னால் அடியில் ரப்பர் காற்றுப்பை, முன்னால் கழுத்தில் ஹைட்ராலிக். பெட்டியில் இருக்கும் வால்வைத் திருகினால் தட்டு சாதாரண உயரத்திலிருந்து ஆறு அங்குலம் ஏறும், இரண்டு அங்குலம் இறங்கும். அடி தட்டுகிற மேடுபள்ளமான ரோட்டுக்கு.

3. அதே பட்டறை, அதே வண்டி. இது இரண்டு ஏறும், ஆறு இறங்கும். தலை இடிக்கிற இடத்துக்கு.

4. ஆறு ஏறி ஆறு இறங்குவதும் உண்டு. விலையைக் கேட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

ஆக இரண்டா மூன்றா. மலை ரோட்டை அளந்து பார்த்துவிட்டு முடிவு.

நான் உரித்த வெங்காயம் இரண்டு நாளைக்கு வரும். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஜன. 22, வியாழன்

மேலே போய் வந்தோம். குளிர் இல்லை, நல்ல வெயில். ஜீப்பில் முன் சீட்டு என் சீட்டு. இன்று அதில் மதினி. வாந்தி வரும் என்றாள். பின்னால் டீசல் கேனோடு நான். பதினேழு வளைவும் எனக்கு முதுகில் தெரிந்தது.

அளவு எடுப்பது எப்போதும் நான்தான். மூங்கில் கம்பு, பதினாலு அடி. அதில் பதிமூன்று அடியில் என் பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டியிருக்கிறேன், சிவப்பு. லோபெட் தட்டு மூன்று அடி, மேலே மிஷின் பத்து அடி, கூட்டினால் ரிப்பன். புது எஸ்டேட் எதற்குப் போனாலும் நான் முன்னால் இறங்கி, கம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். கிளை, வயர், பாறை எது ரிப்பனில் இடித்தாலும் கையைத் தூக்குவேன். பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

மதினி பையிலிருந்து சோப்புக்கட்டி அளவுக்கு ஒன்றை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி போய் விழும், நம்பர் வரும். அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம். பதினோராம் வளைவில் ரோட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் அடித்தாள். அப்பாவுக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

"இன்னொருக்கா அடி ஆத்தா, அந்தப் பாறை நெத்தியில."

"பதினஞ்சே காலுங்க மாமா."

"பாத்தியா மாரி, கம்பு கிம்பு ஒண்ணும் வேணாம்."

மாரி. நான்.

எஸ்டேட் கேட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். நூறு அடி தள்ளி ஒரு குழாய். சுனையிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தண்ணீர் போகிற இரும்புக் குழாய். ரோட்டுக்குக் குறுக்கே தலைக்கு மேல், நடுவில் கொஞ்சம் தொய்ந்து. எஸ்டேட் சூப்பர்வைசர், மலையாளி, பின்னாலேயே வந்தார்.

"ஆ குழாயில தொடண்டா, கேட்டோ. பழையதா. பொட்டிப் போனா ஸ்டோருக்கு வெள்ளம் இல்லா."

உடைந்தால் ஸ்டோருக்குத் தண்ணீர் இல்லையாம். தூக்கிப் பிடிக்கவும் கூடாது, கழற்றவும் கூடாது. அப்பா அவரோடு தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

மதினி கீழே நின்று அடித்துப் பார்த்தாள். வெயிலில் புள்ளி தெரியவில்லை. குழாய் மெலிசு, கறுப்பு. ஒரு தடவை எட்டு வந்தது, ஒரு தடவை முப்பது.

"மேல மரத்துல போய் விழுகுதாட்ட இருக்குது. மாரி, உன்ற கம்பைக் கொஞ்சம் கொண்டு வாயேன்."

"கொண்டு வரலை மதினி."

ஜீப்பின் மேல்தான் கட்டியிருந்தது. நானே கட்டினேன்.

மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணளவாக நோட்டில் 14 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

பதினாலு இல்லை. போன வருடம் அண்ணன் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தபோது சும்மா கம்பை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ரிப்பனுக்கு இரண்டு அங்குலம் கீழே குழாய். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஓடைப் பாலத்தில் அப்பா டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வடையும். வடை சூடு.

ஜன. 24, சனி

லாரி டிரைவர் பாண்டியண்ணன் வந்திருந்தார். லாரியின் முதுகில் ட்ரெய்லர் உட்காரும் வட்டத் தட்டை மதினி அளந்தாள். தரையிலிருந்து அது எத்தனை உயரம் என்று பட்டறையில் கேட்டார்களாம். லாரிக்கும் ட்ரெய்லருக்கும் பொருந்தவில்லை என்றால் தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். இது எனக்குத் தெரியாது. தெரியாததும் எரிச்சலாக இருந்தது.

பாண்டியண்ணன் என்னிடம் வந்து, "என்ன மாரி, ஒனக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாங்க போல. பென்சன் உண்டா?" என்றார். அவர் போன பிறகுதான் நல்ல பதில் ஒன்று வந்தது. எழுத மாட்டேன்.

குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு மதினி மாதிரிப் பேசிப் பார்த்தேன். "ஏனுங்க மாமா." "சரிங்க மாமா." "இருக்குதுங்க." நன்றாக வருகிறது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டால் இன்னும் நன்றாக வருகிறது.

அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள யாருகூடப் பேசிக்கிட்டிருக்க? வெரசா வா, தண்ணி தீந்துரும்."

ஜன. 27, செவ்வாய்

நாமக்கல். அப்பா, அண்ணன், மதினி. காலை நாலரைக்குக் கிளம்பிப் போனார்கள். காரில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

எனக்கு: மிஷினை மூடும் பாயைத் துவைப்பது, கோழிக்குத் தண்ணீர், அம்மாவுக்கு முதுகில் தைலம்.

ராத்திரி வந்து அண்ணன் போனில் படம் காட்டினான். பட்டறையில் வரிசையாக லோபெட், பெயின்ட் அடிக்காமல் துருச் சிவப்பாக. ஒன்றின் தட்டு மேல் மதினி ஏறி நிற்கிறாள், துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் அப்பா, தொப்பை தெரிய, சிரித்தபடி. அப்பா என்னோடு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஆதார் கார்டு எடுக்கப் போன அன்று. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

வண்டி தயாராம். காற்றுப்பை மாட்டுவது கடைசி வேலை. ஏறுகிற பையா இறங்குகிற பையா என்று எழுதி அனுப்பினால் மாட்டிவிடுவார்கள். மாட்டிய பிறகு மாற்ற முடியாது, அடிச்சட்டத்தில் வெல்டு வைத்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு பாக்கெட் முறுக்கு. கரூர் முறுக்கு.

தின்றேன்.

ஜன. 28, புதன்

இதைச் சரியாக எழுத வேண்டும்.

காலை ஏழு மணி. அப்பா வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார், முகம் முழுக்க நுரை. மதினி பட்டறையின் தாளை வைத்துக்கொண்டு போனில் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மாமா, மேல அதிகம் வேணுங்களா, கீழ அதிகம் வேணுங்களா?"

"கீழ நமக்கு என்ன சோலி கெடக்கு? எல்லாம் மேலதான் ஆத்தா. அதுக்குத்தான வாங்குறோம்."

"அப்ப மேலன்னு போட்டறட்டுங்களா?"

"போடு, போடு."

அனுப்பிவிட்டாள். டிங் என்று சத்தம் வந்தது.

தேய்த்துக்கொண்டிருந்த குண்டானை அப்படியே வைத்தேன். மதினி கேட்டது தட்டு மேலே ஏறுவது அதிகமா, கீழே இறங்குவது அதிகமா என்று. அப்பா சொன்னது மலை. இங்கே யாரைக் கேட்டாலும் மேல என்றால் மலை, எஸ்டேட். கீழ என்றால் போடி, சிலமலை, நாங்கள். அண்ணன் எங்கே என்றால் மேல என்போம். எப்போது கீழ வருவான் என்போம். கரூரில் மலை கிடையாது. அவளுக்கு மேல என்றால் மேல.

இப்போது வரப்போவது ஆறு ஏறி, இரண்டு இறங்குகிற வண்டி. குழாய்க்கு அடியில் ஏறுவது வேண்டியதே இல்லை. இரண்டு இறங்கினால் மிஷின் சரியாகக் குழாயை உரசும். உரசினால் பொட்டும். பொட்டினால் வேலை போகும். இது எனக்கு மட்டும் தெரியும்.

குண்டானைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜன. 30, வெள்ளி

இரண்டு நாளாகச் சொல்லவில்லை.

வெட்கம் என்று எழுதலாம். பொய். நான் நினைத்துப் பார்க்கிறேன்: லோபெட் வருகிறது. எல்லோரும் மேலே போகிறோம். குழாயில் இடிக்கிறது. சூப்பர்வைசர் கத்துகிறார். அப்பா மதினியைத் திரும்பிப் பார்க்கிறார். என்னத்தா இப்படிச் செஞ்சுட்ட என்று சொல்லவில்லை, ஆத்தா என்ற சொல்லே இல்லாமல் "என்ன இது?" என்று மட்டும் கேட்கிறார். இந்த இடம் வரைக்கும் நினைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நினைக்கிறேன். துணி மடிக்கும்போது இரண்டு தடவை. கோழிக் கூண்டு அடைக்கும்போது ஒரு தடவை.

நடுவில் அண்ணன் முகமும் வருகிறது. மிஷினில் உட்கார்ந்திருப்பது அவன். அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

இன்று ஏலக்காய் விலை இறங்கிவிட்டதாக அம்மா வேலை செய்யும் ஊர் ஸ்டோரில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்களாம். புதுச் செருப்பு கடிக்கிறது.

பிப். 1, ஞாயிறு

சொல்லிப் பார்த்தேன். அப்பா தனியாக ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தத் தாள்ல மேலன்னு..."

"எந்தத் தாளு?"

"லோபெட்டு."

"அதெல்லாம் மதினிட்டக் கேளுத்தா. எனக்கு அந்த எழுத்தே தெரிய மாட்டேங்குது."

கேளுத்தா என்றார். ஆத்தாவில் பாதி. அதற்காகவே முழுவதும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் குழாய் எத்தனை அடி என்று கேட்பார். உனக்கு எப்படித் தெரியும் என்பார். கம்பு அன்றைக்கு எங்கே இருந்தது என்பார்.

"ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டேன்.

கறிக்குழம்பு. மதினி சாப்பிட மாட்டாள், அவளுக்குத் தனியாகத் தயிர். நல்லி எலும்பை அப்பா எனக்கு வைத்தார். வழக்கமாக வைப்பதுதான். இன்று எண்ணிக்கொண்டேன்.

பிப். 2, திங்கள்

பட்டறைக்காரர் புதன்கிழமை பை மாட்டி வெல்டு வைப்பதாகச் சொன்னாராம்.

மாலை மாடியில் காயவைத்த மிளகாயை அள்ளப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மதினி அவள் அம்மாவோடு போனில். நான் இருப்பது தெரியாது.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கறேன். மாமா என்னைய ஆத்தான்னுதானம்மா கூப்புடறாரு. எத்தனை தடவைன்னு எண்ணிக்கூட வெச்சிருக்கறேன், சிரிக்காத. நம்ம அப்பா இருந்தப்ப ஏய்னுதான கூப்புட்டாரு."

அப்புறம் ஏதோ ரசப்பொடி பற்றி.

எண்ணி வைத்திருக்கிறாளாம். என்னுடையதை.

மிளகாயைப் பாதி அள்ளி, பாதி அங்கேயே. கண் எரிந்தது. மிளகாய்க் கையால் தேய்த்ததில் இன்னும் எரிந்தது.

பிப். 3, செவ்வாய்

செய்துவிட்டேன்.

அம்மா போனை வீட்டில் வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போயிருந்தாள். மதினியும் அண்ணனும் போடியில் பல் டாக்டரிடம். அப்பா மேலே. பட்டறை நம்பர் அந்தத் தாளின் தலையில் இருந்தது. ஷெட்டுக்குள் போய், மிஷின் கேபினுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று தடவை நம்பரை அடித்து மூன்று தடவை அழித்தேன்.

நாலாவது தடவை எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க, யாருங்க?"

என் குரலில் ஒன்றும் வரவில்லை. தொண்டையில் மாரி இல்லவே இல்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தேன்.

"ஏனுங்க, நான் போடியிலிருந்து கோகிலா பேசறனுங்க. லோபெட்டுக்கு."

"அட, சொல்லுங்கம்மா. நம்பர் புதுசா இருக்குது?"

"அத்தை நம்பருங்க."

இது தானாக வந்தது. ஆச்சரியமாக இருந்தது.

"அந்தத் தாளுல மேலன்னு எழுதினனுங்க. அது தப்புங்க. மேலன்னா இங்க மலைங்க. மாமா மலையில வேலைன்னு சொன்னாரு, நான் ஏறுறதுன்னு எழுதிப்போட்டேன். நமக்கு ஆறு இறங்கறதுதான் வேணுங்க. குழாய் பன்னெண்டு அடி பத்து அங்குலம்."

"நல்ல வேளை கூப்ட்டீங்க. வெல்டு வெச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. இந்தக் கணக்கை எல்லாம் யாரு அளந்தது?"

மிஷின் லீவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தானுங்க."

உண்மைதான். வைத்துவிட்டேன். கேபின் கண்ணாடியில் என் முகம், கழுத்து இன்னும் சாய்ந்தபடியே. நாலு நிமிடம் மதினியாக இருந்தேன். எவ்வளவு எளிதாக இருக்கிறது அவளாக இருப்பது. எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது.

பிப். 4, புதன்

பட்டறைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இதை நான் யோசிக்கவில்லை.

இட்லிக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா போனை வைத்துவிட்டு மதினியைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஆத்தா, நேத்து நீ போன் போட்டியாம்ல. நான் மலையச் சொல்ல, அது தாள்ல ஒசரமாப் போயிருச்சாம். நல்லவேள புடிச்ச. இல்லாட்டி குழாயில கொண்டுபோய்ச் சொருகியிருப்போம்."

அண்ணன் மதினியைத் திரும்பிப் பார்த்தான். நேற்று முழுவதும் அவனோடு பல் டாக்டரிடம் இருந்தவள். வாயைத் திறந்தான். மதினி அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள்.

சட்னிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன்.

"ஆமாங்க மாமா" என்றாள்.

"அந்தக் குழாய அங்குலம் வரைக்கும் எப்படித்தா அளந்த?"

"அளந்தாச்சுங்க மாமா."

அண்ணன் இட்லியைத் தின்றான். அம்மா, "எம் மருமகளாக்கும்" என்றாள்.

என் குரல், என் கம்பு, என் குழாய். எல்லாவற்றையும் நானே எடுத்துப் போய் அவள் மடியில் கொட்டியிருக்கிறேன். அவளும் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் குடித்தேன். இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பிப். 5, வியாழன்

துணி துவைக்கிற கல். மதினி தன் வாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அண்ணனுடைய பேன்டைக் கும்மிக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீர் மொண்டாள். அப்புறம்:

"போன்ல ஏனுங்கன்னு சொன்னயா?"

நான் பேன்டைத் திருப்பிப் போட்டேன்.

"சொல்லிக் காட்டு."

"மாட்டேன்."

"நாமக்கல்காரரு வித்தியாசம் கண்டுபிடிக்கலைன்னா நல்லாத்தான் சொல்லியிருக்கற." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். "நேத்தே மாமாகிட்டச் சொல்லியிருக்கோணும். நாந்தான் தப்பா எழுதினதுன்னு வெளிய வந்துருமேன்னு ஆமான்னுட்டேன். என்னைய நம்பி விட்டாரு. பயந்துட்டேன் மாரி."

பேன்டைப் பிழிந்தேன். பிழிய ஒன்றும் இல்லாத வரைக்கும். பிறகு சொன்னேன். இந்த வருடத்தில் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்குக் கம்பு கொண்டு வந்திருந்தேன் மதினி, ஜீப்பு மேலதான் இருந்துச்சு, இல்லன்னு சொன்னது பொய்யி."

"தெரியும்."

"எப்படி?"

"குழாய்கிட்ட இருந்து பாத்தாலே உன்ற ரிப்பன் ஆடுச்சு. செவப்பா. கண்ணாடிக்கு முன்னால தொங்கிக்கிட்டு."

"அப்பாட்ட ஏன் சொல்லலை?"

சோப்பை எடுத்து ஒரு துணியில் தேய்த்தாள். அது அவள் துணி இல்லை, என் பாவாடை.

"உனக்கு இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுச்சு. வந்து அஞ்சு மாசத்துல உன்ற சீட்டுல உக்காந்திருக்கறேன்."

வாந்தி வரும் என்றுதானே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பாவாடையை வாங்கி நானே அலசினேன். அவள் சரியாக அலச மாட்டாள், சோப்பு நிற்கும்.

இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் முன்னைப் போலவும் இல்லை. எப்படி என்று எழுத வரவில்லை.

பிப். 21, சனி

இடையில் எழுதவில்லை. நேற்று லோபெட் வந்தது. மஞ்சள் பெயின்ட். பின்பக்கம் பலகையில் அப்பா பெயர், கீழே சின்னதாகக் குலசாமி பெயர். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். ஓடைப் பாலத்து மேட்டில் அடி தட்டுமோ என்று அப்பாவுக்குப் பயம். இரண்டு அங்குலம் ஏற்றினோம், தட்டவில்லை.

இன்று விடியற்காலையில் மேலே. பின்னால் மிஷின், முன்னால் ஜீப்பு. ஜீப்பில் ஏறும்போது மதினி பின்னால் போய் டீசல் கேன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பையில் புளி, எலுமிச்சை. ஆறாம் வளைவில் வாந்தி எடுத்தாள். பொய்யில்லை போல. எட்டாவதில் என் சீட்டைக் கொடுத்தேன்.

எஸ்டேட் கேட். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழாய்க்கு இந்தப் பக்கம் நானும் மதினியும், கையில் கம்பு. அந்தப் பக்கம் அப்பா. அண்ணன் வால்வுப் பெட்டியிடம். பாண்டியண்ணன் லாரியில்.

மெதுவாக வந்தது. மிஷினின் தலை ரிப்பன் உயரத்துக்குச் சரியாக இருந்தது, குழாய் அதற்குக் கீழே. இறக்க வேண்டும். அண்ணன் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தான், கையைத் தூக்கினால் பார்க்க மாட்டான். கத்த வேண்டும். மதினி என் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

கத்தினேன். "கீழ. கீழ."

என் குரலே எனக்குக் கேட்டது. காட்டில் போய் இடித்துத் திரும்பி வந்தது.

பாண்டியண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "கீழயா? ஏன், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே ரிவர்ஸ் கியரைப் போட்டார். லாரி பீப் பீப் என்று போடியைப் பார்த்துப் பின்னால் போக ஆரம்பித்தது.

"இறக்குங்க, இறக்கு, தட்டை" என்று மதினி ஓடினாள், சிரித்துக்கொண்டே. அண்ணன் பெட்டியை விட்டு எழுந்து, "ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு பாஷை பேசுங்களேன்" என்றான். சூப்பர்வைசர்கூடச் சிரித்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஆனால் ஓடிப்போய் ஜீப்புக்குள் உட்கார்ந்துகொள்ளவில்லை. கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

மறுபடி வந்தது. இந்தத் தடவை "இறக்கு" என்றேன். அண்ணன் திருகினான். உஸ் என்று நீளமாக ஒரு மூச்சு. முன்கழுத்து முதலில், பிறகு பின்பக்கம், தட்டு மட்டமாக உட்கார்ந்தது. மிஷினின் தலை குழாய்க்கு அடியில் நுழைந்தது. இடையில் நாலு அங்குலம் வானம். குழாய் அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

முழுக்கத் தாண்டியது. அதற்கப்புறம் ரோட்டில் ஒரு பள்ளம், தட்டை மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஆத்தா, ஏத்தச் சொல்லு."

யாரை என்று சொல்லவில்லை. நான்தான் முதலில் திரும்பினேன்.